எக்ஸ்ரே படிக்கப் போகிறீர்களா? கட்டணத்தைக் கடைசியாகப் பாருங்கள்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், கடைக்குட்டி பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் ஒரு பேச்சு எழும். ஊரில் பி.இ. முடித்துவிட்டு இங்கே ஏழெட்டு ஆண்டுகள் வீட்டோடு இருந்துவிட்ட அம்மாவுக்கு, மறுபடி கம்ப்யூட்டர் வேலை தேட மனமிருக்காது. மருத்துவமனைப் பக்கம் போகலாமே என்று தோன்றும். முதலில் நர்சிங் பற்றி விசாரிப்பார்கள். அடுத்து எக்ஸ்ரே, அதாவது ரேடியாலஜிக் டெக்னாலஜி. நான் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் இந்த வேலை பார்ப்பதால் விசாரணை என்னிடம் வந்து சேரும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கம்யூனிட்டி கல்லூரியில், அதாவது அரசு நடத்தும் ஈராண்டுக் கல்லூரியில் படித்தால் மதிப்பு இருக்குமா, அல்லது பணம் கட்டியதும் சேர்த்துக்கொள்கிற தனியார் கல்லூரிக்குப் போய்விடலாமா?

மதிப்பைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடலாம். இந்தத் தொழிலுக்கு நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழை வழங்குவது ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பதிவு நிறுவனம். 1922இல் தொடங்கியது. மதிப்பெண் கணக்கில் சேரும் 200 கேள்விகள் கொண்ட தேர்வு. கேள்விகளின் கடினத்துக்கேற்பச் சரிசெய்த மதிப்பெண்ணில் 75 எடுத்தால் தேர்ச்சி. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று முறை எழுதலாம். வேலைக்கு எடுக்கும் மேலாளர் பார்ப்பது பெயருக்குப் பின்னால் அந்தச் சான்று இருக்கிறதா, மாநில உரிமம் இருக்கிறதா என்பதைத்தான். கலிஃபோர்னியா என்றால் ஃபுளூரோஸ்கோப்பி, அதாவது எக்ஸ்ரேயை ஓடும் படமாகக் காட்டும் முறைக்கான அனுமதியும் தனியாக வேண்டும். எந்தக் கல்லூரி என்று நேர்காணலில் கேட்பார்கள், உண்மைதான். உங்களுக்குக் கிளினிக்கல், அதாவது மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி தந்த மேற்பார்வையாளர் தங்களுக்குத் தெரிந்தவரா என்று பார்ப்பதற்காகக் கேட்பார்கள்.

ஆகவே கம்யூனிட்டி கல்லூரி, தனியார் கல்லூரி, மருத்துவமனையே நடத்தும் பயிற்சிப் பள்ளி, நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஆகிய நான்கு வழிகளும் ஒரே தேர்வு அறைக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன. 2015 முதல் ஒரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது: குறைந்தது அசோசியேட் பட்டம், அதாவது ஈராண்டுப் பட்டமாவது கையில் இருக்க வேண்டும். கம்யூனிட்டி கல்லூரியில் அந்தப் பட்டமும் பயிற்சியும் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

இனி பணம். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். 2012இலிருந்து மாறவில்லை. சேரும் முன் முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து எண்பது, தொண்ணூறு யூனிட் படித்தால்கூட நாலாயிரம் டாலரைச் சுற்றித்தான் நிற்கும். புத்தகம், சீருடை, தடுப்பூசி, பின்னணிச் சோதனை, மருத்துவமனை வாகன நிறுத்தம் எல்லாம் மேல்செலவு. இதே படிப்புக்குத் தனியார் கல்லூரிகள் பல பத்தாயிரங்கள் கேட்கின்றன. இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தவுடன் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது. கம்யூனிட்டி கல்லூரி உங்களிடம் பணத்தைக் குறைவாக வாங்கிக்கொண்டு மிச்சத்தைக் காலமாக வாங்கிக்கொள்ளும்.

ஏன் என்று பார்க்க, இடங்கள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பறையில் நாற்பது நாற்காலி போடலாம். ஆனால் இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்ற அமைப்பு, மருத்துவமனையில் ஒரு மாணவருக்கு ஒரு டெக்னாலஜிஸ்ட் என்ற விகிதத்தைக் கேட்கிறது. ஒரு மருத்துவமனையில் பகல் ஷிஃப்டில் நான்கு பேர் வேலை செய்தால் நான்கு மாணவர்களுக்கு மேல் அனுப்ப முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஃபுட்ஹில், கன்யாடா, மெரிட் ஆகிய கம்யூனிட்டி கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மாணவர்களை அமர்த்த மருத்துவமனைகளின் தயவு வேண்டும். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைக் கல்லூரியின் கட்டடமோ நிதியோ தீர்மானிப்பதில்லை, மருத்துவமனைகளின் எக்ஸ்ரே அறைகள் தீர்மானிக்கின்றன.

இடம் குறைவு என்பதால் தேர்வு முறை வருகிறது. சில கல்லூரிகளில் மதிப்பெண் புள்ளிகள், சிலவற்றில் காத்திருப்புப் பட்டியல், சிலவற்றில் குலுக்கல். குலுக்கல் என்றால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கென்னவோ, எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கியவர்களே நூறு பேர் நிற்கும்போது அது ஒன்றும் அநியாயமாகத் தெரியவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே ஆய்வகத்துடன் கூடிய உடற்கூறியலும் உடலியங்கியலும், கல்லூரி நிலை அல்ஜீப்ரா, மருத்துவச் சொற்கள், ஆங்கிலக் கட்டுரை ஆகிய பாடங்களை முடித்திருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக மதிப்பிட்டுக் கொடுத்தால் பொதுப் பாடங்களில் பல கழிந்துவிடும். உடற்கூறியல் கழியாது. உயிரியலே தொடாமல் கணிதம், கணிப்பொறி என்று படித்து வந்தவர்களுக்கு எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வதிலேயே ஒரு செமஸ்டர் போய்விடும். அறிவியல் பாடங்கள் ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு.

கூட்டிப் பாருங்கள். முன்தேவைகளுக்கு ஓர் ஆண்டு, இடம் கிடைக்கும்வரை ஓர் ஆண்டோ இரண்டோ, பிறகு கோடை விடுமுறையையும் விழுங்கும் இரண்டு ஆண்டு. வீட்டில் "இரண்டு வருஷப் படிப்பு" என்று சொல்லி வைத்தால் மாமியார் முதல் பிள்ளைகள் வரை எல்லோரும் அந்தக் கணக்கில்தான் இருப்பார்கள். நான்கு என்று சொல்லித் தொடங்குவது உங்களுக்கு நல்லது.

இந்த இடத்தில் தனியார் கல்லூரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். நாற்பதாயிரம் டாலர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்குப்படி 2023 மே மாதத்தில் ரேடியாலஜிக் டெக்னாலஜிஸ்டுகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 73,410 டாலர். புதிதாகச் சேர்பவருக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், காத்திருக்காமல் ஓர் ஆண்டு முன்னதாக வேலைக்குப் போனால் கூடுதல் கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நாற்பத்தைந்து வயதில் தொடங்குகிறவருக்கு ஓர் ஆண்டின் விலை அதிகம். எனவே "தனியார் என்றாலே ஏமாற்று" என்று சொல்பவர்களுடன் நான் சேர மாட்டேன்.

ஆனால் சேரும் முன் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் மூன்று விகிதங்களை வெளிப்படையாக வெளியிட்டாக வேண்டும்: முதல் முயற்சியில் தேர்வில் வென்றவர்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் வேலை கிடைத்தவர்கள், சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள். முதல் இரண்டுக்கும் ஐந்தாண்டுச் சராசரி 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. விளம்பரத்தில் போடுவது முதல் எண்ணை மட்டும்தான். "எங்கள் மாணவர்களில் 96 விழுக்காட்டினர் முதல் முறையிலேயே தேர்ச்சி" என்று ஒரு கல்லூரி பெருமைப்பட்டுக்கொள்கிறது என்றால், உடனே மூன்றாவது எண்ணைத் தேடுங்கள். சேர்ந்தவர்களில் பாதிப்பேர்தான் முடித்திருக்கிறார்கள் என்று அங்கே இருந்தால், தேறாதவர்களைத் தேர்வு வரை போக விடாமலே வடிகட்டியிருக்கிறார்கள் என்று பொருளாக இருக்கலாம். அந்தப் பாதியில் நீங்கள் இருந்தால் கட்டிய பணத்துக்குக் கடன் மட்டும் மிஞ்சும். தனியார் கல்லூரியில் வாங்கிய கிரெடிட்டுகளைக் கம்யூனிட்டி கல்லூரி பல நேரம் ஏற்றுக்கொள்வதும் இல்லை. கம்யூனிட்டி கல்லூரிகளிலும் முடிக்கும் விகிதம் மோசமாக உள்ளவை இருக்கின்றன. எண்ணைப் பார்க்காமல் அங்கேயும் சேர வேண்டாம்.

இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. "பத்தே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீசியன் ஆகலாம்" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் வரம்புக்குட்பட்ட உரிமத்துக்கானவை. கலிஃபோர்னியாவில் எக்ஸ்.டி. அனுமதி, ஃபுளோரிடாவில் அடிப்படை எக்ஸ்ரே இயந்திர இயக்குநர், டெக்சாஸில் வேறு பெயர். மார்பு, கை, கால் என்று குறிப்பிட்ட பகுதிகளை மட்டும், பெரும்பாலும் சிறு கிளினிக்குகளில் எடுக்கலாம். மருத்துவமனைகள் அனேகமாக எடுப்பதில்லை, சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் நகரவும் முடியாது. சட்டப்படி தவறான படிப்பு இல்லை. ஆனால் முழுப் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் அழுததைக் கேட்டிருக்கிறேன். சேர்க்கை அலுவலரிடம், "இதை முடித்தால் ஏ.ஆர்.ஆர்.டி.யின் ரேடியோகிராஃபி தேர்வு எழுத எனக்குத் தகுதி உண்டா, எழுத்தில் தருவீர்களா" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

மருத்துவமனைகளே நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் இந்தத் தொழிலின் பழைய வழி. எண்ணிக்கை குறைந்துவிட்டது. முதல் வாரத்திலிருந்தே நோயாளிகளுக்கு நடுவில் இருப்பீர்கள், பயிற்சி அருமையாக இருக்கும். ஏற்கெனவே இங்கே ஒரு பட்டம் வாங்கியவருக்கு இது மிக நேரான வழி. அந்தப் பட்டமே 2015ஆம் ஆண்டு நிபந்தனையைத் தீர்த்துவிடும். அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் அதற்குச் செல்லுமா என்பதைப் பள்ளியிடம் கேட்காதீர்கள், ஏ.ஆர்.ஆர்.டி.யிடமே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காண்டுப் பட்டத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. தொடக்க வேலையும் தொடக்கச் சம்பளமும் பெரிதாக மாறாது. மேலாளர் பதவிக்கும் கற்பிக்கும் வேலைக்கும் பின்னாளில் அது தேவைப்படும், வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் முடித்துவிடலாம். பள்ளி முடிக்கும் பிள்ளைக்காக யோசிக்கும் பெற்றோர் என்றால் வளாக வாழ்க்கை, பல்கலைக்கழகப் பெயர் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அவை எக்ஸ்ரே சம்பந்தப்பட்டவை இல்லை.

இப்போது கல்லூரிகளை ஒப்பிடும்போது யாருமே கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: கிளினிக்கல் எங்கே?

நேராக நின்று எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி சுவர்ப் பலகையில் நெஞ்சை ஒட்டி, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். எக்ஸ்ரே குழாய்க்கும் பலகைக்கும் 72 அங்குலம். தாடை மேலே, புறங்கை இடுப்பில், இரண்டு தோளும் முன்னால் உருண்டு பலகையைத் தொட வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழாமல் விலகும். "மூச்சை இழுங்கள், விடுங்கள், மறுபடி நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்." இரண்டாவது மூச்சில்தான் நுரையீரல் முழுதாக விரியும். நெஞ்சைப் பலகையோடு ஒட்ட வைப்பதும் தூரத்தை அதிகம் வைப்பதும் இதயத்தின் நிழல் ஊதிப் பெரிதாகத் தெரியாமல் இருக்கத்தான். படத்தின் ஓரத்தில் வலம், இடம் காட்ட ஈயத்தில் வார்த்த ஆர் அல்லது எல் என்ற குறி விழ வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தம் பெயரின் முதலெழுத்து பொறித்த சொந்தக் குறிகள் உண்டு. படம் கோணலாக இருந்தால் யார் எடுத்தது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதை இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதே மார்பை விடியற்காலை மூன்று மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில், நினைவில்லாத, தொண்டையில் குழாய் செருகிய, நூறு கிலோ எடையுள்ள ஒருவருக்குப் படுக்கையிலேயே எடுக்க வேண்டும். பலகையை முதுகுக்குக் கீழே நழுவவிட நர்ஸுடன் சேர்ந்து தூக்க வேண்டும், ஒரு வயரும் இழுபடக் கூடாது. நிமிர்த்த முடிந்த அளவு நிமிர்த்தி, கிடைத்த தூரத்தில் எடுத்து, அந்தத் தூரத்தைக் குறித்துவைக்க வேண்டும். இதை எந்த ஆய்வகப் பொம்மையும் கற்றுத் தராது.

ஏ.ஆர்.ஆர்.டி.யின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் கட்டாயமாகத் திறன் காட்ட வேண்டிய படமெடுப்பு முறைகள் 36, விருப்பப் பட்டியலிலிருந்து 15. குழந்தைகள், முதியவர்கள், விபத்தில் அடிபட்ட தோள், அறுவை அரங்கில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே இயந்திரம் எல்லாம் அதில் வரும். எலும்பு மருத்துவக் கிளினிக்கிலேயே பெரும்பகுதி நாள்களை ஓட்டும் மாணவர் முழங்கால் படத்தில் புலியாகிவிடுவார். ஆனால் அறுவை அரங்குப் படங்களுக்காகக் கடைசி செமஸ்டரில் தவித்துப்போவார். எனவே அறிமுகக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள். எந்தெந்த மருத்துவமனைகள், அவற்றில் விபத்து சிகிச்சை மையம் உண்டா, மாலை ஷிஃப்ட் கட்டாயமா, இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாமா அவர்களே ஒதுக்குவார்களா, அதிகபட்சம் எத்தனை மைல் ஓட்ட வேண்டியிருக்கும். வகுப்பும் கிளினிக்கலும் சேர்ந்து வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கீகார விதி. பெரும்பாலும் அந்த நாற்பதை நெருங்கித்தான் இருக்கும், சம்பளமும் கிடையாது. காலை ஆறரைக்குத் தொடங்கும் கிளினிக்கலுக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் என்றால் பிள்ளையைப் பள்ளியில் யார் விடுவது என்ற கேள்விக்கு வீட்டில் முதலில் பதில் வேண்டும். எனக்குத் தெரிந்து படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இயற்பியல் பாடத்தால் விட்டதைவிட இந்தக் காரணத்தால் விட்டதுதான் அதிகம்.

கதிர்வீச்சைப் பற்றி ஊரிலிருந்து தொலைபேசியில் பயமுறுத்துவார்கள். மாணவர் ஒவ்வொருவரும் கதிர் அளவி அணிந்துதான் நிற்பார்கள், அளவுகள் பதிவாகும். வேலை செய்யும் பெரியவருக்குச் சட்ட வரம்பு ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட். கருவுற்றிருப்பதை மாணவி தானாக எழுத்தில் அறிவித்தால் கருவுக்கான வரம்பு கர்ப்பகாலம் முழுவதற்கும் 5 மில்லிசீவர்ட். அறிவிப்பதும் விடுவதும் அவர் உரிமை. தடுப்புக்குப் பின்னால் நின்று எடுக்கும் வேலையில் என் உடலுக்கு வந்த கேடு கதிரால் வரவில்லை. தூக்கித் தூக்கி இடுப்புதான் போனது.

விசாவைத் தவிர்த்துவிட்டு இந்த ஒப்பீட்டை முடிக்க முடியாது. எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்கான விசாவில் இருப்பவர் தாராளமாகப் படிக்கலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் நிபந்தனைகளை நிறைவேற்றினால் உள்ளூர்வாசிக் கட்டணமும் பெறலாம். கலிஃபோர்னியாவில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் வசித்திருக்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவி எச்-4க்குக் கிடையாது, கிரீன் கார்டு உள்ளவருக்கு உண்டு. வேலை பார்க்க, பொதுவாகக் கணவர் அல்லது மனைவியின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தரும் மனு) அங்கீகரிக்கப்பட்டு, 2015இல் வந்த விதிப்படி வேலை அனுமதி பெற்றிருக்க வேண்டும். சம்பளமில்லாத கிளினிக்கலுக்குக்கூடச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் மருத்துவமனைகள் இருக்கக்கூடும். கல்லூரியின் படிப்பு இயக்குநரிடம் இதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்து இந்த ஈராண்டுப் படிப்பைப் படிக்க நினைப்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். படிப்புக்குப் பிறகு ஓராண்டு வேலை அனுமதி கிடைக்கும். அதன்பின் எச்-1பி என்றால் பொதுவாகத் துறை சார்ந்த இளநிலைப் பட்டம் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். ஈராண்டுப் பட்டம் போதும் என்கிற வேலை அதற்குள் அடங்குவது மிகக் கடினம். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி முடித்து, சென்னையில் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகி வருபவர்களின் நிலை இன்னும் வேதனை. அந்த அனுபவத்தை வைத்து நேராகத் தேர்வு எழுத முடியாது, ஏ.ஆர்.ஆர்.டி. ஏற்றுக்கொண்ட படிப்பு ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்து நடுவில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் வழி. அவர்களுக்குக் கட்டணத்தைவிடக் காலம்தான் பெரிது என்பதால், இடம் காலியாக உள்ள தொலைதூரக் கல்லூரியையும் விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, அக்கம்பக்கத்துப் படிப்புகள். அதே 2023 கணக்கில் நர்ஸுகளின் இடைநிலைச் சம்பளம் 86,070 டாலர், அல்ட்ராசவுண்ட் எடுப்பவர்களுக்கு 84,470. எக்ஸ்ரே பின்தங்கித்தான் தெரிகிறது. ஆனால் எக்ஸ்ரே முடித்தவர் 16 மணி நேரப் பாடமும் குறிப்பிட்ட கிளினிக்கல் அனுபவமும் சேர்த்து எம்.ஆர்.ஐ., சி.டி., மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) போன்றவற்றின் தேர்வுகளுக்குப் போகலாம், பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டே. எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்டின் இடைநிலை 83,740. நாள் முழுக்க ஒரே நோயாளிகளுடன் இருக்கப் பிடித்தவர் நர்சிங் போகட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருவரைச் சந்தித்து, படத்தை முடித்து, அடுத்தவரைக் கூப்பிடும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

கிரீன் கார்டோ வேலை அனுமதியோ இருந்து, நான்காண்டு பொறுக்க முடிந்தால் கம்யூனிட்டி கல்லூரி. நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், கையில் சேமிப்பு இருக்கிறது, முடிக்கும் விகிதம் நன்றாக உள்ள தனியார் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது என்றால் அதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். இன்னும் தீர்மானிக்க முடியாதவர்கள் வரும் செமஸ்டரில் பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் உடற்கூறியலில் மட்டும் சேர்ந்துவிடுங்கள். எக்ஸ்ரே, நர்சிங், அல்ட்ராசவுண்ட் எதற்குப் போனாலும் அந்தப் பாடம் அனேகமாகத் தேவைப்படும். ஆய்வக வகுப்புகள் முதலில் நிரம்பிவிடும், பதிவு திறக்கும் நாளிலேயே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.